அஞ்சாமைக்கும் ஒரு வரலாறு உண்டு

பாசிசத்தின் கொடுமைகளைக் குழந்தைகளிடம் சொல்லலாமா என்ற தயக்கம் நம் தோழர்களின் இல்லங்களிலும் உண்டு. சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. எவ்வாறு சொல்வது என்பதற்கு, அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரி 1989இல் எழுதி, மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்ற 'நம்பர் த ஸ்டார்ஸ்' என்ற சிறார் நாவல் நல்லதொரு சான்று.

கதை நிகழ்வது 1943ஆம் ஆண்டு, நாஜிப் படைகளின் பிடியிலிருந்த டென்மார்க்கில். பத்து வயதுச் சிறுமி ஆன்மரியின் தோழி எலன் யூதக் குடும்பத்தவள். நள்ளிரவில் ஜெர்மானியப் படையினர் வீட்டினுள் நுழையும்போது, எலன் அணிந்திருந்த தாவீதின் நட்சத்திரச் சங்கிலியை ஆன்மரி அறுத்துத் தன் கைக்குள் மறைக்கிறாள். அவர்கள் சென்ற பின் பார்த்தால், இறுக மூடியிருந்த உள்ளங்கையில் நட்சத்திரத்தின் தடம் பதிந்திருக்கிறது. நட்பு என்றால் என்ன என்று ஆசிரியர் வேறு விளக்கம் தரவில்லை; தேவையும் இல்லை.

வதைமுகாம்களின் பிணக்குவியல்களைக் காட்டாமலே அச்சத்தை உணர்த்துவது இந்நாவலின் வலிமை. பத்து வயதுக் குழந்தைக்குத் தாங்கக்கூடிய அளவில், ஆனால் பொய் கலவாமல் அது பேசுகிறது. எதிர்ப்பியக்க இளைஞன் பீட்டர் இறுதியில் சுட்டுக்கொல்லப்படுகிறான் என்பதையும் மறைக்கவில்லை.

ஆயினும் நூலை மூடும் குழந்தை, "டென்மார்க் மக்கள் இயல்பிலேயே நல்லவர்கள்" என்ற முடிவோடு நின்றுவிடக் கூடாது. அஞ்சாமை எந்த நாட்டினருக்கும் பிறவிக்குணம் அன்று. கைது நடவடிக்கை குறித்த செய்தியை ஜெர்மானிய அதிகாரி டுக்விட்ஸ் முன்கூட்டியே கசியவிட்டார். செப்டம்பர் 29 அன்று கோபன்ஹேகன் தொழுகைக் கூடத்தில் மதகுரு மெல்கியோர் மக்களை எச்சரித்தார். குறுகிய கடலுக்கு அப்பால் சுவீடன் கதவைத் திறந்தது. இவை ஒன்றுசேர்ந்ததால்தான் சுமார் 7,200 யூதர்கள் படகுகளில் தப்ப முடிந்தது. படகோட்டிகளில் சிலர் பெருந்தொகை கேட்டனர் என்பதும் உண்மை. நாவலின் கதைக்களமான கில்லெலெயெ மீனவ ஊரிலேயே, தேவாலயப் பரணில் ஒளிந்திருந்த சுமார் 80 பேர் காட்டிக்கொடுக்கப்பட்டனர்.

நம் இயக்கத்தவர் மறக்கலாகாத பக்கம் ஒன்றும் உண்டு. யூதர்கள் மீது கை வைப்பதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1941 ஆகஸ்டில், டேனிஷ் நாடாளுமன்றம் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்தது. 300க்கும் மேற்பட்ட தோழர்களைச் சிறைப்பிடித்தது ஜெர்மானியப் படையன்று, அந்நாட்டுக் காவல்துறையே. 1943 அக்டோபரில் கோபன்ஹேகனிலிருந்து யூதர்களை ஏற்றிச் சென்ற அதே கப்பலில் 150 கம்யூனிஸ்டுகளும் ஸ்டுட்ஹாஃப் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். தடைக்குப் பின்னும் தலைமறைவாக இயங்கிய கட்சியினர், 1943 செப்டம்பரில் உருவான விடுதலைக் குழுவில் பிறருடன் இணைந்து நின்றனர். அதற்கு முந்தைய மாதத்து வேலைநிறுத்தங்களே ஆக்கிரமிப்பாளரோடு ஒத்துப்போன ஆட்சியை வீழ்த்தின. படகுகள் புறப்பட்ட அக்டோபர் இரவுகளுக்கு முன், தொழிலாளர்கள் ஆலைகளை நிறுத்திய ஆகஸ்ட் பகல்கள் இருந்தன.

ஒரு சிறார் நாவல் இவை அனைத்தையும் சுமக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. ஆன்மரியின் வயதுக்கு எட்டியதை மட்டும் சொன்னது கலைஞரின் நேர்மை. எஞ்சியதைச் சொல்வது மொழிபெயர்ப்போரின், பதிப்போரின், பெற்றோரின் கடமை. இத்தகைய நூல்களைத் தமிழில் கொணரும்போது, குழந்தைகளுக்குப் புரியும் நடையில் இரண்டு பக்க வரலாற்றுக் குறிப்பையாவது இணைக்க வேண்டும். கிளைகள் நடத்தும் சிறுவர் வாசிப்பு முகாம்களில் கதையைப் படித்து முடித்ததும், "நீ ஆன்மரியாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "அவளுக்குத் துணையாக யார் யார் இருந்தார்கள்?" என்றும் கேளுங்கள், தோழர்களே. முதல் கேள்வி குழந்தைக்கு நெஞ்சுரத்தைத் தரும். இரண்டாவது கேள்வி, தனியாக நிற்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கையைத் தரும்.