ஓட்டக் கொப்பியில் தூரம் மட்டும் போதுமா?

நெடுந்தூரம் ஓடுபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வியர்வை காயும் முன்னரே அன்றைய தூரத்தைக் குறித்துவிடுவார்கள். முன்பு கொப்பியில், இப்போது பலர் தொலைபேசியில். வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்து, "இந்தக் கிழமை நாற்பது கிலோமீற்றர்" என்று சொல்வதில் ஒரு தனிச் சந்தோஷம். 3000 மீற்றர் ஓடுபவள் என்ற வகையில் எனக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தக் கொப்பியில் மிகக் குறைந்த பயன் தருவது அந்தக் கூட்டுத்தொகைதான் என்பது என் கருத்து.

முதலில், அந்த எண் சரியானதா? பாடசாலை மைதானங்கள் பெரும்பாலும் 400 மீற்றர் ஓடுபாதைகள் அல்ல. சரியான பாதையிலும் எட்டாவது ஒழுங்கையில் ஓடினால் ஒரு சுற்று 450 மீற்றரைத் தாண்டும். தொலைபேசியின் செய்மதிக் கணக்கோ மரங்களுக்குக் கீழும் மாடிக் கட்டடங்களுக்குப் பக்கத்திலும் தடுமாறும். அதனால் நான் சுற்றுகளையும் நிமிடங்களையும் எழுதுகிறேன். அதே மைதானம், அதே சுற்று. போன மாதத்தோடு ஒப்பிட அது போதும்.

பெரிய ஆபத்து வேறு. இங்கிலாந்தின் ரொன் ஹில் 1970இல் பொஸ்டன் மரதனை வென்றவர். 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, 52 வருடங்களுக்கு மேலாக, ஒரு நாளும் விடாமல் குறைந்தது ஒரு மைலாவது ஓடிக் கணக்கு வைத்தார். பாதத்தில் சத்திரசிகிச்சை செய்த பின்னரும் ஊன்றுகோலோடு அந்த மைலை முடித்தார். ஓடும்போது நெஞ்சு வலித்த பிறகுதான் நிறுத்தினார். வாசிக்க வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ ஓரிடத்தில் கொப்பி அவரை ஓட்டத் தொடங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. பதினாறு வயதுப் பிள்ளை அதைப் பின்பற்றினால் முழங்காலோ கணுக்காலோ ஒரு பருவத்துக்குள்ளேயே பதில் சொல்லிவிடும்.

இரண்டு ஒலிம்பிக் மரதன்களை வென்ற கென்யாவின் எலியுட் கிப்சோகே இன்றும் பயிற்சியைக் கையால் கொப்பியில் எழுதுபவர். எழுதும்போது அன்றைய நாளைக் கொஞ்சம் யோசிக்கவேண்டி வரும். எத்தனை மணிக்குத் தூங்கினேன், காலையில் என்ன சாப்பிட்டேன், எந்தக் கால் இழுத்தது, ஏன் இன்று ஓடவில்லை. ஓய்வு நாளுக்கும் ஒரு வரி வேண்டும். நோன்பு மாதத்தில் தூரம் பாதியானால் பாதி என்றே எழுதலாம். பெருநாள் முடிந்த முதல் கிழமையிலேயே பழைய தூரத்தைப் பிடிக்கப் பாய்வதுதான் காயத்தில் முடிகிறது.

மாணவிகளுக்கு இன்னொரு நிரலும் தேவை: மாதவிடாய்த் திகதி. இதை இச்சஞ்சிகையில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விடுவதுதான் பிழை என்று பட்டது. ஓடும் அளவுக்கு ஏற்பச் சாப்பிடாத பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். அதோடு எலும்பும் பலமிழந்து, வெடிப்பு வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்நிலைக்குத் தனிப் பெயரே கொடுத்து எச்சரித்தது. "ஓடுற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று எங்கள் வீடுகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். மூன்று மாதம் வராவிட்டால் வைத்தியரிடம் போகவேண்டும். அங்கே பேச வெட்கமாக இருந்தால் கொப்பியை நீட்டினாலே போதும். திகதிகளும் தூரங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

இப்படி எழுதும் கொப்பி எல்லோருக்கும் காட்டுவதற்கானது அல்ல. தொலைபேசிச் செயலிகளோ காட்டுவதையே பழக்குகின்றன. ஓடுபவர்கள் பதிந்த பாதைகளை ஒன்றுசேர்த்து ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் இராணுவ முகாம்களின் உட்பாதைகள்கூடத் தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. ஒரு மாணவி தினமும் சுபஹுக்குப் பிறகு எந்த வீட்டு வாசலில் இருந்து, எந்த ஒழுங்கையால், எத்தனை மணிக்குப் புறப்படுகிறாள் என்பதும் அதே மாதிரிக் கோடாக விழும். உம்மா, வாப்பாமாரே, மகள் அப்படியொரு செயலியைப் பாவித்தால் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவேண்டாம். அன்று மாலையே அவளோடு உட்கார்ந்து, பதிவுகள் அவளுக்கு மட்டும் தெரியும்படி மாற்றிவிடுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கவும் அதில் வசதி இருக்கிறது.