பெயரை நம்பலாமா?
தெரிந்த வலைத்தளத்துக்குள் இருக்கும்வரை பயமில்லை என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இந்த நம்பிக்கையின் பலவீனத்தை 2005-ம் வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் அம்பலமாக்கியது.

அந்நாட்டு இளைஞர்களிடையே அப்போது பிரபலமாக இருந்த தளம் 'மைஸ்பேஸ்'. அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. சாமி கம்கார் என்ற 19 வயது வாலிபர், தம் பக்கத்தில் எழுத்தோடு எழுத்தாகச் சில கணினிக் கட்டளைகளையும் நுழைத்து வைத்தார். அதைப் பார்த்த அங்கத்தினரிடமிருந்து, அவர் அறியாமலே சாமிக்கு நண்பராகும் வேண்டுகோள் போனது. சாமியே தமது வீரர் என்ற வாசகமும், அதனுடன் அதே கட்டளைகளும் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. அந்தப் பக்கத்தைப் பார்த்தவருக்கும் அதே கதி! சுமார் 20 மணி நேரத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் சிக்கினார்கள். தளத்தையே தற்காலிகமாக மூட நேர்ந்தது.

காவல் இருந்தும்...

தளத்தில் காவல் இல்லாமல் இல்லை. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல் தென்பட்டால் நீக்கிவிடுவார்கள். சாமி அச்சொல்லை உடைத்து இரண்டு வரிகளில் எழுதினார். காவலுக்கு அது புலப்படவில்லை. சில பிரவுசர்களோ சேர்த்தே படித்தன. ஆகாதவற்றைப் பட்டியல் போட்டுத் தடுத்தால், பட்டியலில் இல்லாதது நுழைந்துவிடும்.

சாமி செய்தது விளையாட்டு. ஆனால் 2018-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் திருடர்கள் கட்டளைகளைப் புகுத்தி, பயணிகள் எழுதிய கார்டு விவரங்களை வேறிடத்துக்குத் திருப்பினார்கள். நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்கள் பாதிக்கப்பட்டன. 2020-ல் கம்பெனிக்கு விதித்த அபராதம் 2 கோடி பவுன்!

வழி மாற்றும் சூது

பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்தவரை அவர் விரும்பிய பக்கத்துக்கு அனுப்பும் வசதி பல தளங்களில் உண்டு. போக வேண்டிய இடம் இணைப்பின் கடைசியில் எழுதியிருக்கும். தளம் அதைச் சோதிக்காவிட்டால், மோசக்காரன் அங்கே தன் முகவரியை எழுதி அனுப்பலாம். இணைப்பின் தொடக்கத்தில் வங்கியின் உண்மைப் பெயர். போய்ச் சேருவதோ அதே தோற்றமுள்ள போலித் தளம். "பாஸ்வேர்டு தவறு, மீண்டும் எழுதுக" என்று கேட்டால் யார்தான் சந்தேகிப்பார்?

பரிகாரம் என்ன?

வெளியார் எழுதுவதைத் தளம் வெறும் எழுத்தாகவே காட்ட வேண்டும். கட்டளையாக இயங்க விடலாகாது. எங்கிருந்து வரும் கட்டளைகளை ஏற்கலாம் என்பதைப் பிரவுசருக்கு முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடும் உண்டு. திருப்பி அனுப்புவதானால், அனுமதித்த முகவரிகளுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும்.

"ஜாக்கிரதையாக இருங்கள்" என்று ஜனங்களுக்குப் புத்தி சொல்வது சுலபம். ஆனால் மைஸ்பேஸில் சிக்கியவர்கள் செய்த குற்றம் என்ன? நண்பரின் பக்கத்தைப் பார்த்தார்கள், அவ்வளவே. வாசலில் தன் பெயரை எழுதி வைத்தவர்தான் உள்ளே நடப்பதற்கும் பொறுப்பாளி.