பங்களாவும் லயமும்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் பழைய துரை பங்களாக்களைப் பேணிக் காத்தவர்களை நான் குறை கூறமாட்டேன். 1888இல் எழுந்த தியன்சின், 1923இல் எழுந்த சம்மர்வில், 1925இல் எழுந்த காசல்ரீ ஆகியவை 2005 முதல் உல்லாச விடுதிகளாகப் புதுவாழ்வு பெற்றுள்ளன. சரிந்த கூரையும், அகன்ற விறாந்தையும், குளிர்காயும் கணப்பும் அழகியவைதாம். அழகை அழகென்று ஒப்புவதில் நமக்கென்ன கூச்சம்?

'பங்களா' என்ற சொல்லின் வரலாறு விந்தையானது. வங்கநாட்டுக் குடிசையின் பெயர் அது. கடல் கடந்து அமெரிக்காவுக்கும் போயிற்று. அங்கே கஸ்டவ் ஸ்டிக்லி என்பவர் 1901இல் 'கிராஃப்ட்ஸ்மன்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கி, மரவேலையின் நேர்மை மறையாத எளிய இல்லங்களைப் பரப்பினார். நடுத்தரக் குடும்பமும் கட்டிக்கொள்ளக்கூடிய வீட்டுக்கு அங்கே அப்பெயர் வழங்கிற்று. நம் மலைநாட்டிலோ அதே சொல் மேட்டின்மேல் ஏறி அமர்ந்து அதிகாரத்தின் பெயராயிற்று.

மேட்டின் கீழே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாயின் பின்பக்கக் காற்றுக்கும் வழியில்லை. அடுப்புப் புகையிலேயே பிள்ளைப்பேறும் நடந்தது, சாவும் நடந்தது. பங்களாவின் புல்வெளியைச் செதுக்கியவனும், அதன் சமையற்கட்டில் நின்ற அப்புவும் வேலை முடிந்து திரும்பிய இடம் அது.

லயங்கள் ஒழியவேண்டும். ஏழு பேர்ச் காணியும், உறுதிப்பத்திரமும், தனிவீடும் தொழிலாளிக்கு உரியவை. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது கூடியிருந்தோர் எழுப்பிய ஆரவாரம் வெறும் மரியாதைக்கானதன்று. ஆனால் காக்கப்பட்ட பங்களா ஒவ்வொன்றின் அருகிலும், குடியிருந்தோர் புதுவீடு புகுந்தபின், ஒரு லயத்தையேனும் கரிபடிந்த சுவரோடு அப்படியே நிறுத்தவேண்டும் என்பது என் கட்சி. கம்பளைக்கு அருகே 2007 முதல் தொழிலாளர் அரும்பொருட்சாலை ஒன்று இருக்கிறது, போற்றத்தக்க பணி. எனினும் பங்களாவில் தேநீர் அருந்தும் விருந்தினர் அதைத் தேடி அத்தனை தொலைவு போவாரா?

வறுமையைக் காட்சிப்பொருளாக்குவதா என்று நண்பர் சிலர் சினக்கின்றனர். ஆள் குடியிருக்கும் காம்பராவை எட்டிப் பார்ப்பது இழிவு. அதில் எனக்கும் அவர்களுக்கும் பேதமில்லை. நான் கேட்பது ஆளொழிந்த காம்பராவை. அதன் திறவுகோல் அங்கே பிறந்து வளர்ந்தவர் கையில் இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் வாங்கினால் அதுவும் அவர்களையே சேரட்டும்.