மீனுக்கு ஒரு மூடி, பூனைக்கு ஒரு மூலை



வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது இப்போது நம் கிராமங்களிலும் பரவலாகிவிட்டது. சிலர் பிள்ளைகளின் ஆசைக்காக ஒரு சோடி தங்கமீன் வாங்கி வைக்கிறார்கள். இன்னும் சிலர் முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி, கப்பி, மொலி போன்ற மீன்களைப் பெருக்கி விற்று வீட்டுச் செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறார்கள். கணவரை இழந்த பெண்களும், காணாமலாக்கப்பட்ட கணவரை இன்னமும் தேடிக்கொண்டிருக்கும் பெண்களும் வீட்டைவிட்டு அதிக தூரம் போகாமல் செய்யக்கூடிய தொழில் இது. வயதானவர்களைக் கவனித்துக்கொண்டும், பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளைக்குச் சோறு போட்டுக்கொண்டும் இதனைச் செய்யலாம்.

இப்படியான வீடுகளுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. அது பூனையைப் பற்றியது.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் போய்வரும் ஒரு வீட்டில் ஓர் அக்கா கப்பி மீன் வளர்க்கிறார். ஓர் இரவு வீட்டுப் பூனை, தொட்டிக்கு மேல் போட்டிருந்த பழைய நுளம்பு வலையைக் கிழித்துவிட்டது. விடிந்து பார்த்தால் வயிறு வைத்திருந்த தாய் மீன்களில் பாதி இல்லை. கப்பி மீன் ஏறத்தாழ நான்கு கிழமைகளுக்கு ஒருமுறை குஞ்சு போடும். தாய் மீன்கள் போனால் அடுத்த மாத வருமானமும் போனமாதிரித்தான்.

"தங்கச்சி, இன்னொருக்கா இப்பிடி நடந்தால் நான் தாங்கமாட்டன். இதைச் சாக்கில கட்டிச் சந்தைப் பக்கம் விட்டிட்டு வரப்போறன்" என்றார் அக்கா.

திண்ணையில் இருந்த அவருடைய மாமியார் அதுவரை பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "அதையும் அனுப்பிப்போட்டு நான் ஆரோட கதைக்கிறது?"

அந்த அம்மாவின் மகன் 2009ஆம் ஆண்டு காணாமற் போனவர். மருமகள் நாள் முழுக்க வேலை, பேரன் வெளியூரில் படிப்பு. சாப்பிடும்போது முதற் பிடியைப் பூனைக்கு வைத்து, அதனோடு கதைத்துவிட்டுத்தான் அவர் சாப்பிடுவார். மாமியும் மருமகளும் இரண்டு நாட்களாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பின்னர்தான் அறிந்தேன்.

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது சிரிப்பான விடயமாகத் தெரியலாம். வருமானம் நெருக்கடியில் இருக்கும் வீட்டில் ஒரு சிறு இழப்பு வந்தாலும், கோபம் அந்த வீட்டின் ஆகப் பலவீனமானவர் மீதே போய் விழுகிறது. என் பணியில் இதனைப் பலமுறை கண்டிருக்கிறேன். சில வீடுகளில் அது பிள்ளை, சில வீடுகளில் முதியவர், சில வீடுகளில் வாயில்லாச் சீவன். இடம்பெயர்ந்தபோது ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துவிட்டு, நாயையும் பூனையையும் படலையடியில் விட்டுவிட்டு நடந்தவர்கள் நாங்கள். அந்த நினைவு இன்றும் பலருடைய நெஞ்சில் இருக்கிறது. மீனா, பூனையா என்று ஒன்றைத் தெரிவு செய்யவேண்டிய கட்டாயம் இப்போது எங்களுக்கு இல்லை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருக்க வழிகள் உண்டு.

முதலில் பூனையின் சுபாவத்தை விளங்கிக்கொள்வோம். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அசையும் சிறு பொருளைக் கண்டால் பாய்வது அதன் பிறவிக் குணம். பசி வேறு, வேட்டை வேறு. எனவே சோறு கூடப் போட்டால் மீனைத் தொடாது என்று நம்பியிருக்க முடியாது. அடிப்பதாலும் பலன் இல்லை. அடி வாங்கிய பூனை நீங்கள் நிற்கும்போது தொட்டிப் பக்கம் வராது, நீங்கள் கிணற்றடிக்குப் போனதும் வரும். ஆகவே பூனையைத் திருத்துவதைவிடத் தொட்டியைத் திருத்துவதே இலகு.

முதல் வேலை மூடி. நுளம்பு வலையோ பழைய சேலைத் துண்டோ பூனையின் நகத்துக்கு முன் நிற்காது. சீமெந்துத் தொட்டியாயின், அதன் விளிம்பைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு மரச்சட்டம் அடித்து, அதில் உறுதியான பிளாஸ்ரிக் வலையை இறுக்கிப் பொருத்துங்கள். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. பெரிய கண்ணுக்குள்ளால் பூனை கையை விட்டுவிடும். நாகம் பூசிய கம்பிவலையைப் பாவித்தால் அது தண்ணீரில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாகம் தண்ணீரில் கரைந்தால் மீனுக்கு நஞ்சாகும். தண்ணீரை விளிம்பு வரை நிரப்பாமல் மூன்று நான்கு அங்குலம் குறைத்து விடுங்கள். பூனை மேலே ஏறி வலை தாழ்ந்தாலும் மீன் எட்டாது. சட்டத்தின் ஒரு பக்கத்துக்குப் பிணைச்சலும் மறுபக்கத்துக்குக் கொளுக்கியும் போட்டால் தீன் போடுவதும் சுலபம். இதே மூடி மீன்கொத்தியையும் கொக்கையும் தடுக்கும். கப்பி போன்ற துள்ளும் மீன்கள் வெளியே விழுவதையும் தடுக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்குக் கண்ணாடி மூடியோ பலகை மூடியோ போடலாம். காற்றுப் போக இடைவெளி விடவேண்டும். சண்டை மீன் எனப்படும் 'பைட்டர்' வகை, தண்ணீருக்கு மேலே வந்து காற்றை எடுத்துச் சுவாசிக்கும். அந்தத் தொட்டியில் மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் வெளி கட்டாயம் தேவை. மூடிக்கு மேல் பல்ப் பூட்டியிருந்தால், அந்தச் சூட்டுக்காகவே பூனை ஏறிப் படுக்கும். எனவே பூனையின் பாரத்தைத் தாங்கக்கூடிய மூடியாக இருக்கட்டும்.

இரண்டாவது, தொட்டி வைக்கும் இடம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ நிறை. இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியில் முழுதாக நிரப்பினால் 56 லீற்றர் அளவில் பிடிக்கும். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் ஒரு வளர்ந்த ஆளின் பாரம் வந்துவிடும். இதனை ஆடும் ஸ்ரூலிலோ பழைய மேசையிலோ வைக்கக் கூடாது. பூனை பாய்ந்து மேசை சரிந்தால் கீழே விளையாடும் பிள்ளைக்கும் ஆபத்து. உருண்டையான சிறு கண்ணாடிக் கிண்ணங்களைப் பூனை ஒரு தட்டில் விழுத்திவிடும். பூனை உள்ள வீட்டுக்கு அவை உதவா. யன்னல் கட்டு, அலுமாரி, கதிரை என்று பூனை பாய்ந்து ஏற உதவும் பொருட்களைத் தொட்டிக்கு அருகில் இருந்து அகற்றிவிடுங்கள்.

பூனை கண்ணாடியில் தட்டுவதையும் சும்மா விடக் கூடாது. மீனின் விலாப் பக்கத்தில் ஓடும் ஒரு கோடு தண்ணீரின் அதிர்வை உணரும் புலன். ஓயாமல் தட்டினால் மீன் பயந்து ஒதுங்கும், தீன் எடுக்காது, பிறகு வெண்புள்ளி போன்ற நோய்கள் எளிதில் தொற்றும். பூனை வழமையாக வந்து இருக்கும் பக்கத்துக்கு வெளிப்புறமாக ஒரு மட்டையை ஒட்டி மறைத்துவிட்டால் போதும்.

மூன்றாவது, மின்சாரம். காற்றுப் பம்பின் வயரைப் பூனை கடிக்கலாம், இழுத்துத் தண்ணீருக்குள் போடலாம். வயரைச் சுவரோடு சேர்த்து அடியுங்கள். பிளக்குக்குப் போகும் வயரைப் பிளக்கின் மட்டத்துக்குக் கீழே ஒருமுறை தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கரண்ட் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வராது. தொட்டிக்குள் கை வைக்கும் முன் சுவிச்சை நிறுத்துவதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

செய்யவே கூடாத சிலவும் உண்டு. பூனையை விரட்டப் பூச்சி உருண்டை போடுவது பூனைக்கும் நஞ்சு, மீனுக்கும் நஞ்சு. தொட்டி உள்ள அறையில் நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம். அதிலுள்ள மருந்து மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும், காற்றுப் பம்பு அதனை இழுத்துத் தண்ணீருக்குள் கொடுக்கும். நஞ்சு கலந்த தீனி வைப்பது பாவம் மட்டுமல்ல, முற்றத்தில் தவழும் பிள்ளையின் கைக்கும் அது எட்டும். மீனுக்கு மருந்து போட்ட தண்ணீரைப் பூனை குடிக்கவும் விடாதீர்கள். அதற்கென்று வேறொரு சட்டியில் நல்ல தண்ணீர் வையுங்கள். தொட்டியடிக்குப் பூனை போவதற்குத் தாகமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுவதும் தீர்வல்ல. விட்ட பூனை பசியில் வாடும், அல்லது வீதியில் அடிபடும். அதன் இடத்துக்கு வேறொரு கட்டாக்காலிப் பூனை வரும். நெல்மூட்டையும் மீன் தீனும் உள்ள வீட்டில் எலியும் பெருகும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

பூனைக்கும் ஒரு மூலையை ஒதுக்குங்கள். வெளியே பார்க்கக்கூடிய யன்னலடியில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பழந்துணி போதும். பின்னேரத்தில் பத்து நிமிடம் ஒரு கயிற்றை இழுத்து அதனை விளையாட விட்டு, பிறகு சாப்பாடு வையுங்கள். பாய்ந்து களைத்து வயிறும் நிறைந்த பூனை பெரும்பாலும் படுத்துத் தூங்கும். விசர்நாய்க்கடித் தடுப்பூசி பூனைக்கும் அவசியம். தொட்டியடியில் பிடித்து இழுக்கும்போது பூனை பிறாண்டினாலோ கடித்தாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் சொன்ன அந்த வீட்டில், பக்கத்து வளவுத் தம்பி ஒருவர் பழைய யன்னற் சட்டத்தைக் கொண்டு மூடி அடித்துக் கொடுத்தார். தொட்டிகளுக்குக் காவல் இருக்கும் பொறுப்பை மாமியாரே கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் மூடி திறந்து தீன் போடுவதும், மாலையில் கொளுக்கி மாட்டுவதும் அவர்தான். பூனை அவருடைய காலடியில் இருக்கிறது. எஞ்சிய தாய் மீன்கள் குஞ்சு போட்டபோது எண்ணிச் சொன்னவரும் அவர்தான். மருமகள் இப்போது கணக்கு எழுதும்போது மாமியிடம் கேட்டுத்தான் எழுதுகிறார்.

ஆகவே சகோதரிகளே, தொட்டி வாங்கப் போகும்போது மூடிக்கான செலவையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். சுயதொழிலுக்குக் கடன் கேட்டு எழுதும்போதும் மூடியையும் உறுதியான மேசையையும் பட்டியலில் போடுங்கள். அவை ஆடம்பரம் அல்ல, தொழிலின் பாதுகாப்பு. மூடி அடித்து முடியும்வரை இரவில் பூனையை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். தொட்டியடியில் யாருக்காவது கோபம் வந்தால், முதலில் கொளுக்கி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.