கையெழுத்துக்கு முன்னால்

தில்லியில் வசிக்கும் தமிழ்ப் பெண் ஒருவர் ஒருநாள் மாலை ஏழு பக்க ஆங்கில மனுவோடு வந்தார். பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து. "நாளை மறுநாள் கையெழுத்துப் போடணும், சார். என்ன எழுதியிருக்குன்னு தமிழில் சொல்லிட்டாப் போதும்" என்றார். ஐந்து பக்கம் வரை சிக்கலில்லை. ஆறாவது பக்கத்தில் நின்றுவிட்டேன். இனி எக்காலத்திலும் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன். நகைகள் உள்பட என் உடைமைகள் யாவும் கைக்கு வந்துவிட்டன என்று இருந்தது.

"நகை வந்துவிட்டதா?"

"இல்லையே. மாமியார் லாக்கரில்தான் இருக்கு."

"விட்டால் போதும்" என்ற மனநிலையில் இருப்பவர்களிடம்தான் இதுபோன்ற வாக்கியங்கள் கையெழுத்து வாங்கிக்கொள்கின்றன. பிறகு எனக்கு வரவில்லை என்று வழக்குப் போட்டால், முதல் சாட்சியாக நிற்பது நம் கையெழுத்துதான்.

இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்டது பரஸ்பர விவாகரத்துக்கான 13பி பிரிவு. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் இருவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து மீண்டும் நீதிபதி முன் வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். தகுந்த வழக்குகளில் இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் பணக் கணக்கு முடியாதவர்களுக்கு இது தண்டனையல்ல, அவகாசம். தீர்ப்பு வரும்வரை ஒருவர் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991 தீர்ப்பு. அதனால்தான் விவரமறிந்த வக்கீல்கள் தொகையைத் தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை இரண்டாவது முறை ஆஜராகும் நாளில் வைக்கிறார்கள்.

வீட்டில் பாதி தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். போர்ச்சுகீசியர் கால சிவில் சட்டம் தொடரும் கோவா போன்ற விதிவிலக்கைத் தவிர, இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. பத்திரம் யார் பெயரில் என்பதே முதல் கேள்வி. வீட்டுக் கடன் தவணையை நீங்கள் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கு விவரங்களைப் பத்திரப்படுத்துங்கள். கடனில் இருவரும் கையெழுத்திட்டிருந்தால் விவாகரத்தானது பற்றி வங்கிக்குக் கவலையில்லை. அவர் கட்டாவிட்டால் உங்களைத் தேடி வரும். வங்கியின் சம்மதத்தோடு எழுத்துமூலம் பெயரை நீக்கிக்கொண்டால்தான் விடுதலை.

நகை விஷயம் வேறு. திருமணத்தின்போதும் முன்பின்னும் பெண்ணுக்குக் கொடுத்தவை அவளுக்கே சொந்தம்; வாங்கி வைத்திருப்பவர் காவல்காரர்தான். 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2024இல் மீண்டும் உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆனால் என்னென்ன நகை என்று காட்ட வேண்டுமே! ரசீது, கல்யாண போட்டோ, எடையோடு ஒரு பட்டியல் இவையே துணை.

"அவர் சம்பளம் எவ்வளவுன்னே தெரியாது" என்பது அடுத்த புலம்பல். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் விதித்துவிட்டது. பொய் சொன்னால் சொன்னவருக்கே ஆபத்து. இந்து திருமணச் சட்டப்படி வருமானமில்லாத கணவனும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மொத்தமாக வாங்குவதா, மாதாமாதமா? மொத்தத் தொகையை வருமானமாகக் கருதி வரி விதிப்பதில்லை. மாதத் தொகைக்கு வரி உண்டு. மாதத் தொகையைச் சூழ்நிலை மாறினால் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம். ஆனால் அது மாதாமாதம் வந்து சேர வேண்டும். குழந்தையின் பராமரிப்பு இந்தக் கணக்கில் சேராது. அது குழந்தையின் உரிமை. அதைத் தாயோ தந்தையோ விட்டுக்கொடுத்துவிட முடியாது. மனுவில் தனியாக எழுதுங்கள்: பள்ளிக் கட்டணம் யார், மருத்துவச் செலவு யார் என்று.

சின்ன விஷயங்களும் உண்டு. இன்சூரன்ஸிலும் வைப்பு நிதியிலும் இருக்கும் வாரிசு நியமனத்தைத் தீர்ப்பு மாற்றித் தராது, நாம்தான் மாற்ற வேண்டும். கூட்டுக் கணக்கை முடியுங்கள். அவர் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் புதிதாக ஒன்று எடுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையா? 1987 சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் போதும்.

அந்தப் பெண் நாளை மறுநாள் கையெழுத்துப் போடவில்லை. மூன்று வாரம் கழித்து, லாக்கரிலிருந்து நகைகள் வந்தபின், எடைப் பட்டியல் இணைத்த புதிய மனுவில் போட்டார். ஆறாம் பக்கத்து வாக்கியம் அதில் அப்படியேதான் இருந்தது. இந்த முறை அதில் பாதியாவது உண்மை. ஜீவனாம்சம் வேண்டாம் என்ற மீதிப் பாதி? "அது நானே யோசிச்சு எடுத்த முடிவு, சார்" என்றார்.