மூன்று பக்கமும் தண்ணீர்... வயலில் மட்டும் இல்லை!

மணமேல்குடிக்காரர்கள் நிலைமை விசித்திரமானது. கிழக்கே கடல். மேற்கேயிருந்து வெள்ளாறு புதுக்கோட்டை, அறந்தாங்கி வட்டாரத்தைக் கடந்து இந்தப் பக்கம்தான் கடலில் விழுகிறது. வடக்கேயிருந்து கல்லணைக் கால்வாய் சுமார் 148 கி.மீ. ஓடிவந்து மும்பாலை ஏரியில் முடிகிறது. ஆனாலும் மழை ஏமாற்றிய வருஷம் பயிர் கருகுகிறது!

வெள்ளாறு ஒரு காலத்தில் சோழனுக்கும் பாண்டியனுக்கும் எல்லை. இன்றைக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஆறு, மற்ற மாசத்தில் மணல். (அந்த மணலையும் விட்டுவைத்தார்களா என்பது வேறு கதை.) வருகிற வெள்ளத்தைத் தேக்க மலையும் இல்லை, பெரிய அணையும் இல்லை. ஏரி, கண்மாய்தான் கதி. கடலோரத்தில் போர் போட்டால் உப்புத்தண்ணீர் வந்துவிடுமோ என்ற பயம். 1934-ல் மேட்டூர் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாயிலோ, வழியில் உள்ளவர்கள் எடுத்த மிச்சம்தான் கடைமடைக்கு.

2021 பிப்ரவரியில் காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்குக் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். நல்லது, வரட்டும். அதுவரை விவசாயி வாயைப் பார்த்துக்கொண்டா இருப்பான்? ஏரிகளையும் வரத்து வாய்க்கால்களையும் கோடையிலேயே தூர் வாருங்கள், ஐயா! ஐப்பசி மழையில் பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்தினால் சேறுதான் மிஞ்சும். தண்ணீர் வழக்கம்போலக் கடலுக்குப் போய்விடும்.