தெளிந்த ரசத்தில் இருப்பது

காரக்கோணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. டயாலிசிஸ் முடிந்து வந்த கணவருக்காக ஓர் அம்மா ரசத்திலிருந்த தக்காளித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, தெளிவை மட்டும் சோற்றில் ஊற்றினார். அந்த அக்கறை நெஞ்சைத் தொட்டது. ஆனால் பொட்டாசியம் தண்ணீரில் கரையும், கொதிக்கக் கொதிக்கத் துண்டை விட்டுத் தெளிவில் இறங்கிவிடும். 100 கிராம் பழுத்த தக்காளியில் அது சுமார் 240 மில்லிகிராம். சுண்டக் காய்ச்சிய விழுதிலோ ஏறத்தாழ நான்கு மடங்கு. சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் தக்காளி விலக்கு அல்ல. யாருக்கு எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். ‘தக்காளியைக் குறையுங்கள்’ என்ற ஒற்றை வரி போதாது. ரசம், தொக்கு, மீன்குழம்பு என்று பெயர் சொல்லி, அடுப்படியில் நிற்பவருக்கே விளக்க வேண்டும். மருந்துச் சீட்டு எழுதுவதைப் போல அதுவும் சிகிச்சைதான்.